லாங் ஸ்ட்ரிங்கா, லைனரா? மகோண்டோவின் கடைசிக் குழாய்

2010 ஏப்ரல் இரண்டாம் வாரம். லூசியானா கரையிலிருந்து சுமார் 66 கிலோமீட்டர் தள்ளி, மெக்சிகோ வளைகுடாவில் 5,000 அடி ஆழக் கடலுக்கு மேலே டீப்வாட்டர் ஹொரைசன் ரிக், அதாவது துளையிடும் மேடை, மிதந்துகொண்டிருந்தது. அதன் கீழே மகோண்டோ கிணறு. 20,200 அடி வரை தோண்டுவதாகத் திட்டம் போட்டிருந்தார்கள். 18,360 அடியோடு நிறுத்திக்கொண்டார்கள். எண்ணெய் இருக்கும் அடுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது, அதற்கும் கீழே போக பாறை இடம் கொடுக்கவில்லை. இனி துளையின் சுவருக்கு உறையாக நிற்கும் கேசிங் குழாய் ஒன்றை மட்டும் இறக்கி, சிமென்ட் போட்டு, கிணற்றைத் தற்காலிகமாக மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பின்னால் வேறொரு ரிக் வந்து எண்ணெய் எடுக்கும். ஆனால் ஏப்ரல் 20 இரவு அந்தக் கிணறு வெடித்தது, பதினொரு பேர் இறந்தார்கள்.

அந்தக் கடைசிக் குழாயை இறக்க இரண்டு வழிகள் இருந்தன. பிபி நிறுவனத்தின் பொறியாளர்கள் சில நாட்களுக்குள் ஒரு வழியைத் தேர்ந்து, அதைக் கைவிட்டு, மறுபடியும் முதல் வழிக்கே திரும்பினார்கள். ஆழ்கிணறு தோண்டுவதில் உள்ள சிக்கல்கள் எல்லாம் அந்த ஒரு தேர்வுக்குள் அடங்கியிருப்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் வழி லாங் ஸ்ட்ரிங். கடற்தரையில் இருக்கும் வெல்ஹெட்டில் (கிணற்றின் தலைப்பகுதி) தொடங்கி கிணற்றின் அடி வரை ஒரே தொடர் குழாய். மகோண்டோவில் அது 13,000 அடிக்கும் மேல் நீளம். மேல்பாதி 9⅞ அங்குலக் குழாய், 12,500 அடி வாக்கில் 7 அங்குலமாகச் சுருங்கும்.

இரண்டாவது வழி லைனர். ஏற்கெனவே 17,168 அடி வரை ஒரு 9⅞ அங்குலக் குழாய் இறங்கி நின்றது. அதன் அடிப்பகுதிக்குள் ஒரு ஹேங்கரை மாட்டி, அதிலிருந்து 7 அங்குலக் குழாயைக் கீழே தொங்கவிடுவது. மூடாமல் கிடக்கும் துளை ஆயிரத்துச் சொச்சம் அடிதான், அதை மட்டும் இந்தக் குட்டைக் குழாய் மூடும். பிறகு எண்ணெய் எடுக்கும் காலம் வரும்போது, லைனரின் தலையிலிருந்து கடற்தரை வரை டை-பேக் என்ற இன்னொரு குழாயை ஏற்றி இணைப்பார்கள்.

இந்த இரண்டில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. கிணறு எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மகோண்டோவின் நிலை மோசம். எந்தக் கிணற்றிலும் துளைக்குள் நிரப்பி நிறுத்தும் கனமான சேற்றுத் திரவத்தை மட் என்பார்கள், அதன் எடைதான் முதல் காவல். எடை குறைந்தால் பாறைக்குள் இருக்கும் எண்ணெயும் எரிவாயுவும் கிணற்றுக்குள் தள்ளிக்கொண்டு வரும், அதுதான் கிக். எடை கூடினால் பாறை விரிசல் விட்டு மட்டைக் குடித்துவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் தோண்டுகிறவர்கள் பிழைப்பு நடக்கிறது. ஆழம் கூடக் கூட அந்த இடைவெளி ஒடுங்குவது ஆழ்கடல் கிணறுகளின் இயல்பு, ஏனென்றால் மேலே பாறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மைல் வெறும் தண்ணீர் நிற்கிறது. மார்ச் 8 அன்று 13,300 அடி வாக்கில் ஒரு கிக் வந்து, குழாய் மாட்டிக்கொண்டு, பக்கவாட்டில் புதுத் துளை போட வேண்டியிருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் 18,000 அடியைத் தாண்டியதும் மட் பாறைக்குள் ஓட ஆரம்பித்தது. கடைசியில் கேலனுக்குச் சுமார் 14 பவுண்டு எடைக்குக் கீழே போக முடியாது, 14.5 பவுண்டைத் தொடவும் முடியாது என்ற நிலை.

அரை பவுண்டு என்று சொல்லும்போது அதன் அளவு மனதில் படாது. 18,000 அடியில் கணக்குப் போட்டால், மொத்த அழுத்தம் 13,000 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) மேல் வரும், நம் கையில் இருக்கும் சலுகை 470 பிஎஸ்ஐ. பம்ப்பை ஓட்டினாலே உராய்வு அழுத்தம் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். சிமென்ட் மட்டைவிட எடை கூடியது, அதைத் தள்ளினால் இன்னும் தின்னும். ஆகவே அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த வழியில் சிமென்ட்டை ஒழுங்காகப் போட முடியும் என்பது. மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சிமென்ட்டைப் பொறுத்தவரை

லாங் ஸ்ட்ரிங்கில் சிமென்ட் கடக்க வேண்டிய தூரத்தைப் பாருங்கள். ரிக்கிலிருந்து கடற்தரை வரை டிரில் பைப் (தோண்டப் பயன்படும் ஒடுக்கமான குழாய்), அதற்குப் பிறகு 9⅞ அங்குலம், அப்புறம் 7 அங்குலம், கடைசியில் அடிவாயைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்ப் பாறைக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள வளைய இடைவெளியில் மேலேற வேண்டும். முன்னும் பின்னும் ரப்பர் பிளக்குகள் சிமென்ட்டை மட்டோடு கலக்காமல் காத்தபடி வரும். அவை இரண்டு விட்டங்களுக்கும் ஈடுகொடுத்துச் சுவரைத் துடைக்க வேண்டும். மகோண்டோவில் அனுப்பிய சிமென்ட் சுமார் 60 பீப்பாய், அதாவது ஒரு தண்ணீர் லாரி கொள்ளும் அளவு. மூன்றரை மைல் தூரத்துக்கு அவ்வளவு கொஞ்சம் சிமென்ட்டை அனுப்பும்போது, வழியில் சுவரில் ஒட்டியிருக்கும் மட் சிறிது கலந்தாலே தரம் கெட்டுப்போகும். அதிகமாக அனுப்பலாமே என்றால், வளைய இடைவெளியில் சிமென்ட் உயரும்போது எடை கூடிப் பாறை விரியும்.

லைனரில் சிமென்ட் பெரும்பாலான தூரத்தை ஒடுக்கமான டிரில் பைப்புக்குள்ளேயே கடந்துவிடும். கலப்படத்துக்கு வாய்ப்பு குறைவு. சில வகை ஹேங்கர்களில் சிமென்ட் போடும்போதே லைனரைச் சுழற்றலாம். சுழற்றினால் குழாயின் ஒடுங்கிய பக்கத்தில் தேங்கி நிற்கும் மட் கலைந்து சிமென்ட்டுக்கு வழி விடும். ஆழ்கடலில் வெல்ஹெட்டில் உட்காரும் லாங் ஸ்ட்ரிங்கைப் பொதுவாக அப்படிச் சுழற்றுவதில்லை. குழாய் துளையின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், சிமென்ட் அகலமான பக்கம் வழியாகவே ஓடி, குறுகிய பக்கத்தில் மட்டை அப்படியே விட்டுவிடும். அந்தத் தடமே பிறகு எரிவாயு ஏறும் பாதை ஆகிவிடும்.

லைனருக்கும் ஒரு பலவீனம் உண்டு. 9⅞ அங்குலக் குழாய்க்குள் 7 அங்குலக் குழாய் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பகுதியில் சிமென்ட் படலம் மெல்லியது. அங்கே சரியாகப் பிடிக்காமல் போவது அரிதல்ல. ஆனால் அந்த இடத்தைச் சோதித்துப் பார்க்கலாம், கசிந்தால் மேலிருந்து சிமென்ட்டை அழுத்திச் சரிசெய்யலாம், அதற்கு மேல் ஒரு பேக்கரையும், அதாவது இடைவெளியை அடைக்கும் கருவியையும், வைக்கலாம். லாங் ஸ்ட்ரிங்கில் அடியில் சிமென்ட் கெட்டுப்போனால் குழாயில் துளையிட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். மெல்லிய அழுத்த இடைவெளி உள்ள கிணற்றில் அந்த வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை.

ஏப்ரல் நடுவில், சிமென்ட் வேலையை ஏற்றிருந்த ஹாலிபர்ட்டன் நிறுவனத்தின் கணினி மாதிரி, லாங் ஸ்ட்ரிங்கில் சிமென்ட் ஒழுங்காக அமையாது என்று காட்டியது. பிபியின் திட்ட ஆவணம் ஒன்று லைனரைத்தான் பரிந்துரைத்தது. அடுத்த சில நாட்களில், பிபியின் சிமென்ட் நிபுணர் மாதிரியில் போட்டிருந்த எண்களைத் திருத்திப் பார்த்து லாங் ஸ்ட்ரிங்கும் சாத்தியம் என்றார், முடிவு மாறியது. எண்களைத் திருத்தியதில் தப்பில்லை, மாதிரிகளில் தவறான உள்ளீடு அடிக்கடி நடப்பதுதான். என்னை உறுத்துவது வேறு. ஒரு மாதிரியில் இரண்டு மூன்று எண்களை மாற்றினாலே ‘முடியாது’ என்பது ‘முடியும்’ ஆகிவிடுகிறது என்றால், அந்தத் திட்டத்துக்குப் பிழை தாங்கும் தெம்பு இல்லை என்றுதானே பொருள்?

வெப்பம் என்ற எதிர்வாதம்

லாங் ஸ்ட்ரிங்கைப் பணம் மிச்சம் பிடிக்கவே தேர்ந்தார்கள் என்று பல கட்டுரைகள் எழுதின. பாதிதான் உண்மை. அதன் பக்கம் ஒரு நல்ல பொறியியல் காரணமும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு நேர்மையாக இருக்காது.

எண்ணெய் ஓட ஆரம்பித்ததும் பூமிக்குள்ளிருந்து வெப்பமும் சேர்ந்து மேலேறும். குழாய்களுக்கு நடுவே அடைபட்டுக் கிடக்கும் திரவம் சூடேறி விரியும், போக வழியில்லாவிட்டால் குழாயையே நசுக்கிவிடும் அல்லது கிழித்துவிடும். தரையில் உள்ள கிணற்றில் வால்வைத் திறந்து அந்த அழுத்தத்தை வெளியேற்றலாம். கடற்தரை வெல்ஹெட்டில் வெளிப்புற இடைவெளிகளுக்கு அந்த வசதி கிடையாது. 1999-இல் இதே வளைகுடாவில் மார்லின் என்ற கிணறு உற்பத்தி தொடங்கிய சில மணி நேரத்திலேயே இந்தக் காரணத்தால் சேதமானது. பிபிக்கு அது மறக்க முடியாத பாடம்.

லைனரும் டை-பேக்கும் போட்டால் இருபுறமும் அடைபட்ட இடைவெளி ஒன்று உருவாகும். லாங் ஸ்ட்ரிங்கில் சிமென்ட்டின் உச்சியை வெளிக்குழாயின் அடிக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால், நடுவே சில அடி பாறை திறந்தபடி இருக்கும். சூடேறிய திரவம் அந்தப் பாறைக்குள் கசிந்து போய்விடும். மகோண்டோவில் திட்டமிட்ட சிமென்ட் உச்சி 17,260 அடி, வெளிக்குழாயின் அடி 17,168 அடி. வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. இருபது வருடம் எண்ணெய் எடுக்கப் போகும் கிணறு என்று பார்த்தால், லாங் ஸ்ட்ரிங்கில் மூட்டுகளும் குறைவு, பின்னாளில் கசிவதற்கான இடங்களும் குறைவு.

ஆனால் இந்த வாதத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. பின்னால் எண்ணெய் எடுக்கும்போது வரக்கூடிய சிக்கலைத் தீர்க்க, இந்த வாரம் போடும் சிமென்ட்டைக் கடினமாக்கிக்கொள்கிறோம். வெப்ப அழுத்தத்துக்கு வேறு மருந்துகள் உண்டு. மகோண்டோவிலேயே 16 அங்குலக் குழாயில் அளவு மீறினால் உடையும் தகடுகளை வைத்திருந்தார்கள். (அந்தத் தகடுகளே மே மாத இறுதியில் வேறு விதத்தில் வினையாகின. மேலிருந்து மட்டை அடைத்துக் கிணற்றை அடக்கும் முயற்சி தோற்றபோது, தகடுகள் உடைந்திருக்குமோ, மூடினால் எண்ணெய் பக்கவாட்டில் பாறைக்குள் பாயுமோ என்ற பயம் வந்து, கிணற்றை மேலே மூடும் யோசனை வாரக்கணக்கில் தள்ளிப்போனது.) சிமென்ட் பிடிக்காததற்கு அப்படி மாற்று மருந்து அதிகம் கிடையாது.

செலவுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லைனர் வழிக்குக் கூடுதலாக 70 லட்சம் முதல் 1 கோடி டாலர் வரை ஆகியிருக்கும் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்குக் கிடைத்த ஆவணங்கள் காட்டின. ரிக்கும் மற்ற சேவைகளும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் கரைந்துகொண்டிருந்தது. கிணறு ஏறத்தாழ ஆறு வாரம் தாமதம், திட்டச் செலவைவிட 5.8 கோடி டாலருக்கு மேல் கூடிப்போயிருந்தது. அந்தச் சூழலில் ஒரு கோடி டாலர் வித்தியாசம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்காது.

சரி, லாங் ஸ்ட்ரிங்கா கிணற்றை வெடிக்க வைத்தது?

நேரடியாக இல்லை. ஏப்ரல் 20 இரவு எண்ணெயும் எரிவாயுவும் எந்தப் பாதையில் ஏறின என்பது இந்த ஒப்பீட்டுக்கு முக்கியம். முதலில் பலரும் வளைய இடைவெளி வழியாக ஏறி, வெல்ஹெட் சீலை உடைத்திருக்கும் என்று நினைத்தார்கள். அப்படியானால் லைனர் காப்பாற்றியிருக்கும், ஏனென்றால் ஹேங்கர் சீலும் பேக்கரும் நடுவில் தடுத்திருக்கும். ஆனால் பிபியின் சொந்த விசாரணையும், அதிபர் அமைத்த தேசிய ஆணையமும் வேறு முடிவுக்கு வந்தன. குழாயின் அடிவாய் வழியாக, ஷூ டிராக் எனப்படும் குழாயின் கடைசி 189 அடியில் இருந்த சிமென்ட்டைத் தாண்டி, திரவம் திரும்பி மேலேறாமல் தடுக்க வேண்டிய ஃப்ளோட் வால்வுகளையும் தாண்டி, குழாயின் உள்பக்கமாகவே ஏறியிருக்கிறது. பின்னால் எடுத்துப் பார்த்தபோது ஹேங்கரின் வெளிப்புறம் அரிபடவில்லை.

லைனரிலும் அதே போன்ற அடிவாய் உண்டு, அதே ஃப்ளோட் வால்வு உண்டு. ஆகவே லைனர் போட்டிருந்தால் பதினொரு பேர் பிழைத்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. தேசிய ஆணையம் சொன்னது இதைவிட நுட்பமானது: லாங் ஸ்ட்ரிங்கைத் தேர்ந்ததால் நம்பகமான சிமென்ட் போடுவது கடினமானது. அந்தக் கடினத்தைச் சமாளிக்க எடுத்த ஒவ்வொரு சமரசமும் சிமென்ட்டை இன்னும் பலவீனமாக்கியது. பாறை விரியக்கூடாது என்று சிமென்ட்டின் அளவைக் குறைத்தார்கள், பம்ப் வேகத்தைக் குறைத்தார்கள், சிமென்ட்டுக்கு முன் மட்டை ஒரு முழுச் சுற்று சுழற்றி எடுக்கும் வேலையையும் விட்டார்கள், எடையைக் குறைக்க நைட்ரஜன் நுரை கலந்தார்கள். அந்த நுரைச் சிமென்ட்டைப் போன்ற கலவையை ஆணையத்துக்காக செவ்ரான் ஆய்வகம் செய்து பார்த்தபோது அது நிலையாக நிற்கவில்லை.

நான் லாங் ஸ்ட்ரிங்கைக் குறை சொல்வதைவிட, அதைத் தேர்ந்துவிட்டு அது கேட்கும் விலையைக் கொடுக்க மறுத்ததைத்தான் குறை சொல்வேன். விலை என்னவென்று பட்டியல் தெளிவாகவே இருந்தது.

குழாயை நடுவில் நிறுத்த சென்ட்ரலைசர்கள் வேண்டும். ஹாலிபர்ட்டன் மாதிரி 21 வேண்டும் என்றது. ரிக்கில் இருந்தவை 6. இன்னும் 15 ஹெலிகாப்டரில் வந்து இறங்கின. வந்தவை தவறான வகை என்று நினைத்து அவற்றை ஒதுக்கிவைத்தார்கள். அவை சரியான வகைதான் என்று பிபியின் விசாரணை பிற்பாடு கண்டுபிடித்தது. ஆறு சென்ட்ரலைசர்களோடு குழாய் இறங்கியது. ஒரு பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் பொருளைப் பொறுமையாகச் சரிபார்க்க நேரம் இல்லாத அவசரம் அது.

சிமென்ட் பிடித்ததா என்று ஒலி அலை மூலம் பார்க்கும் லாக் எடுக்க ஷ்லம்பர்ஜர் குழு ரிக்கிலேயே காத்திருந்தது. ஏப்ரல் 20 காலையில் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சோதனைக்கு ஆகும் செலவு சுமார் 1,28,000 டாலர், ரத்துக் கட்டணம் சுமார் 10,000. இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும்: அந்த லாக் வளைய இடைவெளியைத்தான் காட்டும், ஷூ டிராக்குக்குள் இருக்கும் சிமென்ட்டைக் காட்டாது. எடுத்திருந்தாலும் உண்மையான ஓட்டை தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வெளியே சிமென்ட் கெட்டுப்போயிருந்தால் தெரிந்திருக்கும், வேலை நின்றிருக்கும்.

ஃப்ளோட் வால்வு விஷயமும் இப்படித்தான். சில நூறு பிஎஸ்ஐயிலேயே வேலை செய்ய வேண்டிய கருவி, ஒன்பதாவது முயற்சியில் 3,142 பிஎஸ்ஐ கொடுத்த பிறகுதான் அசைந்தது. அசைந்தது வால்வா, வேறு ஏதாவதா என்று உறுதியாகத் தெரியாமலே அடுத்த வேலைக்குப் போனார்கள்.

கடைசியாக வரிசை. மேலே ஒரு சிமென்ட் அடைப்பைப் போட்டுவிட்டு மட்டை எடுத்துக் கடல்நீரை நிரப்புவது ஒரு முறை. கடல்நீரை நிரப்பிவிட்டு அடைப்பைப் போடுவது இன்னொரு முறை. இரண்டாவதைத் தேர்ந்தார்கள், அதுவும் 8,367 அடி ஆழம் வரை, கடற்தரைக்கு 3,300 அடி கீழே. அவ்வளவு மட்டை எடுத்தால் மேலிருந்து அழுத்தும் எடை போய்விடும், அடியில் இருக்கும் சிமென்ட் மட்டுமே காவல். அந்தச் சிமென்ட் தாங்குகிறதா என்று பார்க்கும் நெகட்டிவ் டெஸ்ட்டில் டிரில் பைப்பில் 1,400 பிஎஸ்ஐ காட்டியது. பூஜ்யம் காட்ட வேண்டிய இடம் அது. கில் லைனில் (ரிக்கிலிருந்து கிணற்றின் தலைக்குப் பக்கவாட்டில் இறங்கும் இன்னொரு குழாய்) பூஜ்யம் இருந்ததால், 1,400-க்கு ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்து டெஸ்ட் தேறிவிட்டது என்று எழுதினார்கள். இரவு 9:49 மணிக்கு முதல் வெடிப்பு. ரிக்கில் 126 பேர் இருந்தார்கள், 11 பேர் திரும்பவில்லை. எண்ணெய் 87 நாள் கடலில் கொட்டியது. 31.9 லட்சம் பீப்பாய் கடலில் கலந்ததாக 2015-இல் நீதிமன்றம் கணக்கிட்டது.

இத்தனையும் தெரிந்த பிறகு, அதே ஏப்ரல் வாரத்தில் இருந்தால் எதைத் தேர்வது? நான் லைனரையே தேர்வேன். அது வெடிப்பைத் தடுத்திருக்கும் என்ற உறுதியில் அல்ல. அரை பவுண்டு இடைவெளி உள்ள கிணற்றில் சிமென்ட் முதல் முயற்சியிலேயே பிடிக்கும் என்று நம்பி எதையும் அமைக்கக் கூடாது. பிடிக்கவில்லை என்றால் அதைக் கண்டுபிடிக்கவும், கையை விட்டுப் போகுமுன் சரிசெய்யவும் லைனரில் இடம் இருக்கிறது. டை-பேக்கை அடுத்த ரிக் வரும்வரை தள்ளிப்போடலாம், வெப்ப அழுத்தத்துக்குத் தகடுகளும் நைட்ரஜன் கலந்த திரவமும் இருக்கின்றன.

அழுத்த இடைவெளி தாராளமாக உள்ள, ஆனால் கொதிக்கும் எண்ணெய் வரப்போகிற கிணறு என்றால் என் பதில் மாறும். அங்கே லாங் ஸ்ட்ரிங் நல்ல தேர்வு, ஏராளமான கிணறுகளில் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. ஒரே நிபந்தனை, அதற்கு வேண்டிய சென்ட்ரலைசர்கள், முழுச் சுழற்சி, நிலையான கலவை, லாக் எல்லாவற்றையும் முதல் நாளே செலவுத் திட்டத்தில் எழுதிவிட வேண்டும். லாங் ஸ்ட்ரிங்கின் உண்மையான விலை அவற்றைச் சேர்த்ததுதான். அப்படிக் கூட்டிப் பார்த்தால் அந்த ஒரு கோடி டாலர் வித்தியாசத்தில் கணிசமான பங்கு கரைந்துவிடும்.

2010 அக்டோபரில் அமெரிக்க உள்துறை கொண்டுவந்த விதிகள், ஒவ்வொரு பாய்ச்சல் பாதைக்கும் சோதித்துப் பார்த்த இரண்டு தனித்தனித் தடுப்புகள் இருக்கின்றன என்று உரிமம் பெற்ற பொறியாளர் சான்றளிக்க வேண்டும் என்றன. கடைசிக் குழாய்க்குச் சிமென்ட் போக இரண்டு இயந்திரத் தடுப்புகள் தேவை என்றும் சேர்த்தன. விதி லைனரைக் கட்டாயமாக்கவில்லை. இரண்டு வழிகளுமே இன்றும் திறந்துதான் இருக்கின்றன. தேர்கிறவர் தன் வரைபடத்தில் அடிவாயையும் வளைய இடைவெளியையும் தனித்தனியாகக் குறித்து, ஒவ்வொன்றிலும் எந்தத் தடுப்பு, அதை எந்தத் தேதியில் எந்த அழுத்தத்தில் சோதித்தோம் என்று எழுத முடிய வேண்டும். மகோண்டோவின் அடிவாய்க்கு அப்படி எழுத ஒரே ஒரு சோதனைதான் இருந்தது. அதில் 1,400 என்று இருந்தது.